வியாழக்கிழமை சாயங்காலம்

எங்கள் பக்கத்து டேனரியில் வெள்ளிக்கிழமை லீவு. அதனால் கூலி வியாழக்கிழமை சாயங்காலம். 1984இல் எனக்கு 12 வயது. வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு டேனரி கேட்டுக்கு ஓட வேண்டும். அது அம்மா எனக்குக் கொடுத்திருந்த வேலை. "நைனா வெளிய வந்ததும் கையப் புடிச்சுக்க. நம்ம வூட்டு வாசப்படி மிதிக்கிற வரைக்கும் உட்றாத" என்பாள்.

நைனாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. ரோமம் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறும் தோல்களைக் கொக்கியால் இழுத்துப் புரட்டிப் போட வேண்டும். ஈரத்தோல் ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். அவர் உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். விரல் நுனிகளில் மட்டும் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது.

கேட்டிலிருந்து வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். வழியில் இரண்டு சாராயக் கடைகள். முதல் கடையைச் சுலபமாகத் தாண்டிவிடுவோம். நைனா ஏதாவது சினிமாக் கதை சொல்லிக்கொண்டு வருவார். இரண்டாவது கடை ஆலமரத் திருப்பத்தில். அது நெருங்க நெருங்கக் கதை நின்றுபோகும். என் பிடிக்குள் அவர் கை வியர்க்கும். "ரெண்டே நிமிசம் பாப்பா" என்று விரல் விரலாகக் கழற்றிக்கொள்வார். எனக்கு ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கிக் கொடுத்து மரத்தடியில் குந்த வைப்பார். இருட்டிய பிறகு நான் அவரைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அம்மா என்னைத்தான் முதலில் அடிப்பாள். அந்தப் பக்கோடாவைத் தின்றேன் என்பதை அவளிடம் நான் சொன்னது, எனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு.

"நாள் பூரா அந்த நாத்தத்துல நின்னு பாரு. ஊத்திக்கலன்னா சோறு எறங்காது" என்பார் நைனா. அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் அம்மா விடமாட்டாள். "பக்கத்து வூட்டு பாயும் அதே தொட்டியிலதான் நிக்கறாரு. அவருக்கு எறங்கலியா?"

எங்கள் பக்கத்தில் தோலுக்கும் சாராயத்துக்கும் மரப்பட்டை பொது. ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை தோலைப் பதப்படுத்தும். வெள்வேலம்பட்டையை வெல்லத்தோடு போட்டு ஊறல் வைத்தால் சாராயம். காய்ச்சுகிற சரக்குக்கே 'பட்டை' என்றுதான் பெயர். குரோமியம் வந்த பிறகு டேனரிகளில் பட்டையின் புழக்கம் குறைந்துவிட்டது. மலையடிவாரத்தில் குறையவில்லை.

எங்கள் ஆயா வருஷத்தை எண்ணிச் சொல்ல மாட்டாள். கடையை வைத்துத்தான் கணக்கு. "நான் புதுப் பொண்ணா வந்த காலத்துல கடைய மூடிட்டான். அப்பதான் உங்க தாத்தன் எனக்கு ஒரு பித்தளை அண்டா வாங்கிக் குடுத்தாரு" என்பாள். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ராஜாஜி அரசு 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பாவுக்கும் நீட்டி, 1939 அக்டோபர் 1 முதல் எங்கள் வட ஆற்காட்டுக்குக் கொண்டுவந்தது. போன வருமானத்தை ஈடுகட்டத்தான் அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் விற்பனை வரி பிறந்தது. அந்த வரி இன்றுவரை வேறு வேறு பெயரில் இருக்கிறது. மதுவிலக்கு போய்விட்டது.

அம்மாவும் ஆயா மாதிரிதான். "நீ கடை தெறந்த மறு வருசம் பொறந்தவ. தம்பி கடை மூடுன வருசம்" என்பாள். 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள். 1981இல் மறுபடி திறந்தார்கள். 1987 தொடக்கத்தில் சாராயத்தையும் கள்ளையும் நிறுத்தினார்கள். நைனா அசரவில்லை. மலையிலிருந்து சைக்கிள் டியூபில் பட்டை இறங்கியது. 1990இல் 'மலிவு விலை மது' வந்தது. 1991 பிப்ரவரியில் நைனா போனார். கண்ணெல்லாம் மஞ்சள், வயிற்றில் தண்ணீர் கட்டி, கால் வீங்கி. வயது 46. அந்த ஜூலையில் மலிவு விலை மதுவை நிறுத்தினார்கள். செய்தியைக் கேட்டு அம்மா எதுவும் சொல்லவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது எங்கள் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். அறிவொளி இயக்கம் வந்தது. பத்தாவது முடித்திருந்த நான் தொண்டராகச் சேர்ந்தேன். இரவு எட்டு மணிக்கு மேல், டேனரியிலும் பீடிக்கட்டிலும் கை ஓய்ந்த பெண்கள் 14 பேர் தெருவிளக்கடியில் பலகையோடு உட்காருவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில், நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் எழுத்தறிவுப் பாடத்தில் படித்த கதையைப் பேசிப் பேசியே ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள் என்ற செய்தி 1992இல் எங்கள் தெருவிளக்கடிக்கும் வந்தது. "அவளுங்களால முடிஞ்சா நம்மால ஆவாதா?" என்றாள் ஒரு பெரியம்மா.

எங்கள் தெருவில் அப்போது கர்நாடகத்துப் பாக்கெட் சாராயம் விற்றுக்கொண்டிருந்தது. மூன்று மாநிலமும் முட்டிக்கொள்கிற இடம் எங்களுடையது. ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கத்திலிருந்து ஒழுகும். துடைப்பத்தோடு 14 பேரும் போனோம். விற்றவள் எங்களுக்கு அத்தை முறை. அவள் புருஷன் குடித்தே செத்தவன். மூன்று பிள்ளைகள். பாக்கெட்டுகளை அறுத்து மண்ணில் ஊற்றினோம். அவள் தடுக்கவில்லை. வாசலில் நின்று கேட்டாள்: "எம் புருசன் செத்தப்ப இந்தத் தொடப்பத்தை எங்கடி வெச்சிருந்தீங்க? எம் புள்ளைங்களுக்கு நாளைக்கு எவ கஞ்சி ஊத்தப் போறீங்க?" எங்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவள் ஒரு மாதத்தில் திரும்ப விற்கத் தொடங்கினாள். பல வருஷம் கழித்து, மனம் திருந்திய சாராய வியாபாரிகளுக்கான அரசு உதவியில் அவளுக்கு ஒரு கறவை மாடு கிடைத்தது. அன்றோடு விட்டாள். துடைப்பம் செய்யாததை மாடு செய்தது என்று அம்மா சொல்வாள்.

பிறகு நான் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற லைனுக்குப் போனேன். ஆம்பூரைச் சுற்றி ஷூ கம்பெனிகள் பெருகப் பெருக, ஊர் ஊராக வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. டேனரியில் ஆண்கள் சம்பாதித்த காலம் போய், தையல் மிஷினில் பெண்கள் சம்பாதிக்கிற காலம் வந்தது. அப்போது ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன். சம்பள நாளன்று கம்பெனி கேட்டுக்கு வெளியே ஆண்கள் நின்றார்கள். சின்ன வயதில் நைனா கூலிக்கு நான் நின்ற மாதிரியே, பெண்டாட்டி கவருக்கு அவர்கள் நின்றார்கள்.

2003 நவம்பர் கடைசியில் சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. அந்த நிதியாண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் சுமார் 3,600 கோடி ரூபாய். 2024-25இல் அது 48,000 கோடியைத் தாண்டிவிட்டது. விலையும் வரியும் ஏறியதைக் கழித்தாலும் அந்த ஏற்றத்தில் எங்கள் தெருவின் பங்கு உண்டு. என் தம்பியின் பங்கும் உண்டு.

தம்பி ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு. தோலில் வடுவும் சுருக்கமும் எங்கே என்று தடவியே கண்டுபிடித்து, வீணாகாமல் வெட்டுகிறவன். அவன் கைக்கு நல்ல பெயர். நெடுஞ்சாலைக் கடை வாசலில் 'கட்டிங்' என்றால் வேறு. ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் காசு போட்டு வாங்கிப் பாதி பாதி. முதலில் அவன் வேலை முடிந்து கட்டிங் போட்டான். பிறகு கட்டிங் போட்டால்தான் கை நடுங்காமல் கட்டிங் வேலை செய்ய முடிந்தது. காலையில் பத்து மணிக்குக் கடை திறக்கும். அவன் ஒன்பதே முக்காலுக்கு அங்கே நிற்பான். 2016இல் திறக்கிற நேரத்தைப் பகல் பன்னிரண்டு ஆக்கினார்கள். ஊரில் பலர் சிரித்தார்கள். "ரெண்டு மணி நேரத்துல இன்னா கிழிக்கப் போறான்?" என்றார்கள். எங்கள் லைனில் பக்கத்து மிஷின்காரி மட்டும் சொன்னாள்: "எங்கூட்டுக்காரரு இப்ப காலை ஷிப்டுக்குப் போறாரு அக்கா. கடை தெறக்கறதுக்குள்ள கம்பெனிக்குள்ள மாட்டிக்கறாரு."

அந்த வார்த்தை என் மனசில் நின்றது. கூலிக்கும் கடைக்கும் நடுவில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதுதான் என் சின்ன வயதிலிருந்தே கணக்காக இருந்திருக்கிறது. இரண்டாவது கடை அந்த ஆலமரத் திருப்பத்தில் இல்லாமல் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால், நான் பிடித்த பிடிக்குப் பலன் இருந்திருக்கும்.

சம்பளம் வங்கிக் கணக்குக்கு மாறியபோது எல்லோரும் நிம்மதி என்றோம். ஏ.டி.எம். அட்டை புருஷன் சட்டைப் பையில் இருந்தது. ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளையில், எங்கள் லைனில் எட்டுப் பேர் சேர்ந்து ஏ.டி.எம்.முக்குப் போய் ரகசிய எண்ணை மாற்றினோம். அன்று இரவு மூன்று வீட்டில் சண்டை. ஒருத்தி அடுத்த நாள் கன்னம் வீங்கி வந்தாள். ஆனாலும் எண்ணைச் சொல்லவில்லை.

2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஏப்ரல் 1 வந்ததும் தமிழ்நாட்டில் 3,300க்கும் மேற்பட்ட கடைகள் ஒரே நாளில் இடம் பெயர வேண்டியதாயிற்று. ஆம்பூர் என்பதே நெடுஞ்சாலை ஓரத்து ஊர். சென்னை-பெங்களூர் சாலையோரக் கடைகள் மூடிக் கிடந்ததைக் கம்பெனி வேனிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தோம். மகிழ்ச்சி பத்து நாள் நிற்கவில்லை. மூடிய கடைகள் ஊருக்குள் இடம் தேட ஆரம்பித்தன. எங்கள் தெருக்கோடியில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையில், ஒரு தகரக் கொட்டகைக்கு ஷட்டர் மாட்டினார்கள். எதற்கு என்று கேட்டதற்கு 'உரக் கடை' என்றார்கள். இரண்டு நாளில் அட்டைப் பெட்டிகள் வந்தன.

அன்று ராத்திரியே உட்கார்ந்தோம். 11 நாள். சமையல் அங்கேயே. பால் கறக்க மட்டும் வீட்டுக்கு. வேனுக்குப் போகிறவர்கள் போக, ஷிப்டு முடிந்து வந்தவர்கள் மாற்றி உட்கார்ந்தார்கள். அறிவொளியில் என்னிடம் கையெழுத்துப் படித்த பெரியம்மாக்கள் நடுவில் இருந்தார்கள். போலீஸ் வந்தது, மிரட்டியது, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தது, போனது. மே 1 கிராம சபை. தீர்மானத்தை எழுத ஆள் கேட்டார்கள். நான் எழுதினேன். கீழே கையெழுத்துகள். கைநாட்டு நான்கே நான்கு. மறுவாரம் அட்டைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். அந்தக் கொட்டகையில் இன்று நிஜமாகவே உரக் கடை இருக்கிறது.

இதோடு கதை முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசை. கடை ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போனது. எங்கள் ஊரிலேயே இரண்டு சந்துக்கடைகள் முளைத்தன. குவார்ட்டருக்கு மேலே 50 ரூபாய் வைத்து பிளாக்கில் விற்றார்கள். ஆறு கிலோமீட்டர் போய்க் குடித்துவிட்டு பைக்கில் திரும்பிய பக்கத்துத் தெருப் பையன் பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் லாரியில் மோதிச் செத்தான். அவன் அம்மாவும் எங்களோடு 11 நாள் உட்கார்ந்தவள். சாவு வீட்டில் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தூரம் மட்டும் போதாது என்று அன்று தெரிந்தது.

வேறு என்ன வேண்டும் என்று தெரிந்தது 2020 மார்ச்சில். ஊரடங்கு. தமிழ்நாடு முழுக்க எல்லாக் கடையும் ஒரே நாளில் மூடியது. எங்கள் அம்மா ஆயுள் முழுக்க வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. தம்பிக்கு மூன்றாம் நாள் கை கால் உதறியது. நான்காம் நாள் ராத்திரி, சுவர் பூராப் பல்லி ஊர்கிறது, தள்ளு தள்ளு என்று கத்தினான். என்னைப் பார்த்து "நைனா வந்துக்கினு இருக்காரு, கதவைத் தெற" என்றான். பிறகு வலிப்பு. 108 வண்டியில் வேலூருக்கு. கடையில்லாத ஊரில் என் தம்பி சாகப் பார்த்தான்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னை வராந்தாவில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "தினமும் குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினா தாங்காது. மருந்து கொடுத்து, வைட்டமின் ஊசி போட்டு, படிப்படியாத்தான் இறக்கணும். இது கொழுப்பு இல்லைம்மா, வியாதி." எனக்கு 48 வயது. கொழுப்பு என்றும் திமிர் என்றும் பாவம் என்றும் கேட்டிருக்கிறேன். வியாதி என்று ஒருத்தர் என்னிடம் சொன்னது அன்றுதான். சொன்னவுடன் எனக்கு நைனா கை வியர்த்தது ஞாபகம் வந்தது.

மே முதல் வாரம் ஆந்திராவில் கடை திறந்ததும் எங்கள் பக்கத்து ஆண்கள் பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா மலைப்பாதையில் நடந்தே போனார்கள். மே 7 அன்று தமிழ்நாட்டிலும் திறந்தார்கள். நீதிமன்றத் தடையால் மூடி, பத்து நாளுக்குள் மறுபடி திறந்தார்கள். தம்பி முதல் வாரமே போனான். அடுத்த வருஷம் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையத்துக்குக் கூட்டிப்போனோம். வீட்டார் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். நானும் அவன் பெண்டாட்டியும் மாற்றி மாற்றித் தங்கினோம். தோசை சுட்டுக்கொடுத்து அவனைத் திருத்துவது, மாத்திரையைச் சாம்பாரில் கலப்பது, கோயிலில் கயிறு கட்டுவது எல்லாம் போய், அவன் பேசும்போது குறுக்கே பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டோம். அது எனக்குச் சுலபமாக வரவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை சறுக்கினான். இப்போது மூன்று வருஷமாக இல்லை. குடியை விட்டவர்கள் கூடுகிற ஏ.ஏ. கூட்டத்துக்கு வாரம் தவறாமல் போகிறான். சறுக்கின நாள் உட்பட எல்லா நாளையும் அங்கே சொல்கிறான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தொலைக்காட்சியில் வரிசையாகச் சிதை எரிவதைத் தம்பியும் நானும் பார்த்தோம். "குவார்ட்டருக்குக் காசு இல்லாதவன்தான்க்கா பாக்கெட்டுக்குப் போவான். நானும் போயிருப்பேன்" என்றான். சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கினார்கள். அத்தைக்குக் கிடைத்த மாடு மாதிரி, விற்கிறவளுக்கு வேறு பிழைப்பும், குடிக்கிறவனுக்குப் பக்கத்திலேயே சிகிச்சையும் வைக்காமல் கடையை மட்டும் மூடினால், பட்டை மலையிலிருந்து இறங்கும். என் நைனா காலத்திலேயே இறங்கியது.

உலக அளவில் 2019இல் குடியால் 26 லட்சம் பேர் செத்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. 2010உடன் ஒப்பிட 2030க்குள் தீங்கான குடியை ஐந்தில் ஒரு பங்காவது குறைப்பது அதன் இலக்கு. வழிகளாக அது சொல்பவை: மது எளிதில் கிடைக்காதபடி செய்வது, குடித்து வண்டி ஓட்டுவதைத் தடுப்பது, சிகிச்சை, விளம்பரத் தடை, விலையேற்றம். படித்தபோது, தகரக் கொட்டகை முன்னால் உட்கார்ந்த பெரியம்மாக்கள் இதில் முதலாவதை அறிக்கை படிக்காமலே செய்தவர்கள் என்று தோன்றியது. மற்றவற்றுக்கு அரசாங்கம் வேண்டும்.

எங்கள் தெருவில் 43 வீடு. நைனா செத்த வருஷம் தினம் குடிக்கிற ஆள் இல்லாத வீடு என்று விரல்விட்டு எண்ணினால் ஒரு கை போதும். போன பொங்கலுக்கு அம்மாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி எண்ணினோம். 24 வீடு. இன்னும் 19 வீடு பாக்கி. கல்லூரிக்குப் போகிற பையன்கள் சிலர் புதிதாகக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதையும் அம்மா சொன்னாள். அவளுக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் யார் எப்போது வீடு திரும்புகிறார்கள் என்று காலடியிலேயே தெரியும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கட்டாயம் கூடும். கடையின் தூரத்தையும் திறக்கும் நேரத்தையும், உங்கள் அரசு மருத்துவமனையில் குடிநோய்க்கு எத்தனை படுக்கை என்பதையும் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தினம் குடிக்கிறவர் இருந்தால், ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி அறையில் வைத்துப் பூட்டாதீர்கள். முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள்.